அம்மாவோட சீட்டு நோட்டும் பேங்க்காரனோட நெகட்டிவ் ஏரியாவும்

ராயபுரம்_ராஜாளி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைய கொடையுற விஷயம், நீளமா தான் போகும், டீய கையில வச்சிக்கினு படிங்க.

எங்க அம்மா கல்மண்டபம் பக்கத்துல இருபத்திரண்டு வருஷமா ஏலச்சீட்டு புடிக்குது. 20 பேரு, மாசம் 5000, 20 மாசம், லட்ச ரூபா சீட்டு. மொத மாசம் அம்மாவுக்கு, மீதியெல்லாம் ஏலம். பத்தாம் தேதி சாயந்திரம் எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சி உக்காருவாங்க, வர முடியாதவங்க போன்ல கேப்பாங்க. யாருக்காவது அவசரம்னு 20000 தள்ளி எடுத்தா அவங்க கைக்கு 80000, அந்த இருபதாயிரத்த 20 பேருக்கும் பிரிச்சா தலைக்கு ஆயிரம் கழியும், அந்த மாசம் எல்லாரும் நாலாயிரம் கட்டினா போதும். இதுக்கெல்லாம் இருக்குற ஒரே டாக்குமெண்ட் நீல அட்டை போட்ட நீட்டு நோட்டு ஒண்ணு. கையெழுத்து கிடையாது, பாண்ட் பேப்பர் கிடையாது, பேருக்கு நேரா டிக் மட்டும் தான். "இட்லிக்கார சரோஜா", "லாஞ்சு டிரைவர் பொண்டாட்டி", "மாடி டீச்சர்" இப்படி தான் பேரே இருக்கும்.

2020 ஏப்ரல், மே ரெண்டு மாசம் யாரும் கட்டல, அம்மாவும் கேக்கல. நோட்டுல அந்த ரெண்டு கட்டத்துலயும் பென்சில்ல "கொரானா"ன்னு எழுதி வச்சிருக்கு, எழுத்துப்பிழையோட. சீட்டு ரெண்டு மாசம் லேட்டா முடிஞ்சிது, ஒத்த ரூபா குறையல.

இப்ப என் கதை. பாரிஸ் கார்னர்ல ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்ல ஏழு வருஷமா வேலை, சம்பளம் பேங்க்ல தான் விழுது, கிரெடிட் கார்டு பாக்கின்னு ஒண்ணும் கிடையாது. ஸ்கூட்டர் லோனுக்கு அப்ளை பண்ணேன். அட்ரஸ் வெரிஃபிகேஷனுக்கு ஒரு பையன் வந்தான், தெரு முக்கு வரைக்கும் வந்துட்டு போன் பண்ணி "சார் லொகேஷன் பாத்துட்டேன்"னு சொல்லிட்டு அப்படியே திரும்பிப் போய்ட்டான், வாசலுக்கே வரல. மூணாவது நாள் ரிஜெக்ட். உள்ள வேலை பாக்குற தெரிஞ்ச பையன் காதுல சொன்னான், "அண்ணே உங்க பின்கோடு நெகட்டிவ் ஏரியா லிஸ்ட்ல இருக்கு". அதாவது, லோன் குடுக்க வேணாம்னு பேங்க்காரன் ஒதுக்கி வச்சிருக்குற ஏரியா.

எங்க அம்மா வாய் வார்த்தைல மாசாமாசம் லட்ச ரூபா பொரட்டுது, அது புள்ளைக்கு சேலரி ஸ்லிப் வச்சிக்கினு எழுபதாயிரம் பொரளல. நம்ம ஏரியால நம்பிக்கை நெறைய இருக்கா கம்மியா இருக்கா, நெறைய இருந்தா அது ஏன் பாரிஸ் கார்னர தாண்ட மாட்டேங்குது?

கொருக்குப்பேட்டை_கேட்
ரயில்வே கேட் போட்ட நேரத்துல படிக்க ஆரம்பிச்சேன், ரெண்டு கூட்ஸ் போயாச்சி, படிச்சி முடிச்சிட்டேன், கேட் இன்னும் தொறக்கல.

ஆதம்பாக்கம்_ஆனந்த்
ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, உங்க அம்மா நல்லவங்களா இருக்கலாம், ஆனா சீட்டு மேட்டர ரொமான்டிசைஸ் பண்ணாதீங்க. எங்க அத்தை தீபாவளி சீட்டுல மூணு வருஷம் கட்டினாங்க, முதல் ரெண்டு வருஷம் வெள்ளி குத்துவிளக்கு, ஸ்வீட் பாக்ஸ்னு கரெக்டா வந்துது, மூணாவது வருஷம் புரட்டாசில அந்தம்மா வீடே காலி. போலீஸ்ல போய் கேட்டா "ரசீது இருக்கா"ன்னு கேக்குறான். தமிழ்நாட்டுல டெபாசிட் போட்டு ஏமாந்தவங்களுக்குன்னே 1997ல தனி சட்டம் போட வேண்டி வந்துதே, சும்மாவா? பேங்க்காரன் பேப்பர் கேக்குறதுல என்ன தப்பு.

ராயபுரம்_ராஜாளி
நான் பேப்பர் குடுத்தேனே ஆனந்த். பேப்பர பாக்கவே இல்ல, பின்கோட தான் பாத்தான்.

மீன்பாடி
நம்ம ராஜாளி சொல்றது எனக்கு தினம் நடக்குது, காசிமேடு வந்து பாருங்க. விடியகாலை ரெண்டு மணிக்கு லாஞ்சு வந்து மீன எறக்குவாங்க, லைட் வெளிச்சத்துல கூடை கூடையா கொட்டி ஏலம், ஏலம் உடுறவரு வாய்ல நம்பர் ஓடிக்கினே இருக்கும், ஒரு கூடை முடிய ஒரு நிமிஷம் கூட ஆகாது, யாரு எடுத்தாங்கன்னு யாரும் எழுதி கையெழுத்து வாங்க மாட்டாங்க, கண்ண காட்டினா போதும். எங்க அம்மா மாதிரி கூடைல தூக்கிட்டு போய் தெருத்தெருவா விக்கிற பொம்பளைங்க நெறைய பேரு அன்னிக்கு கையில காசே இல்லாம எடுப்பாங்க. "நாளைக்கி தரேன்"னு சொல்லுவாங்க அவ்ளோதான். வங்காளக் கடல்ல சுறா கூட திரும்பி வராம போகலாம், அந்த காசு திரும்பி வந்துரும்.

ஆனா ஒண்ண சொல்லியே ஆகணும். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், லாஞ்சு கடலுக்கு போகாது, அடுப்பு எரியணும் இல்ல? அப்ப வியாபாரிங்க தான் அட்வான்ஸ் குடுப்பாங்க, வட்டி கேக்க மாட்டாங்க, பத்திரம் கேக்க மாட்டாங்க, தங்கமான மனுஷன்னு தோணும். தடை முடிஞ்சி மொத மீன் வந்ததும் தான் கணக்கு புரியும். மீன அவருக்கு தான் போடணும், அவரு சொல்றது தான் ரேட்டு. வட்டி அந்த மீன் ரேட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினு கீது. அதுக்கும் பேரு நம்பிக்கை தான் இங்க.

தண்டையார்பேட்டை_தேவி
மீன்பாடி அண்ணே கரெக்டா புள்ளி வச்சிட்டீங்க.

நான் பத்து வருஷமா மகளிர் குழுல இருக்கேன், லீடராவும் இருந்தேன். வெளில பேசறவங்க "பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் நம்பிக்கையா இருந்து கடன கட்டுறாங்க"ன்னு மேடைல சொல்லுவாங்க, கேக்க நல்லா தான் இருக்கும். நேர்ல எப்படின்னா ஒருத்தி கட்டலன்னா மீதி பேரு அத்தன பேரும் அவ வாசப்படில போய் உக்காருவோம். அவ கொழந்தைக்கு காய்ச்சல், ஆட்டோக்கார புருஷன் எஃப்சி எடுக்க காசு குடுத்துட்டான், எதுவும் நிக்காது. ஒரு தடவ ஒருத்தி மூக்குத்திய கழட்டி என் கையில வச்சா. நான் வாங்கினேன், வாங்காம வேற வழி இல்ல, ஆனா அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல. அது நம்பிக்கையா, மானம் போயிடுமேன்ற பயமா? எனக்கு இன்னி வரைக்கும் பிரிச்சி பாக்க தெரியல.

ஆனா அதே குழு இல்லன்னா நான் தண்டல்காரன் கிட்ட தான் நின்னிருப்பேன். பத்தாயிரம்னு சொல்லி எட்டாயிரத்தி ஐநூறு கையில குடுப்பான், தெனம் நூறு ரூபா நூறு நாள். அவனும் கையெழுத்து வாங்காம தான் குடுக்குறான், அதயும் நம்பிக்கைன்னு சொல்லிடுவீங்களா.

பாடம்_எடுப்பேன்
நல்ல இழை. நான் ஒரு கலைக் கல்லூரில பொருளாதாரம் எடுக்குறேன், பேர பாத்தாலே தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

உலக மதிப்பீட்டு ஆய்வுன்னு ஒண்ணு 1981லேந்து நாடு நாடா நடக்குது. அதுல ஒரு கேள்வி: பொதுவா பெரும்பாலான மனுஷங்கள நம்பலாமா, இல்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணுமா? நார்வே, ஸ்வீடன், டென்மார்க்ல நூத்துக்கு 60 பேருக்கு மேல "நம்பலாம்"னு சொல்றாங்க. கொலம்பியா, பிரேசில்ல பத்து பேரு கூட தேற மாட்டாங்க. 1997ல நேக், கீஃபர்னு ரெண்டு பேரு 29 நாட்ட எடுத்து பாத்தப்ப இந்த நம்பிக்கை அதிகமா இருக்குற நாட்டுல வளர்ச்சியும் கூட இருந்துது. பொருளாதார நிபுணர் கென்னத் ஆரோ 1972லயே சொல்லிட்டாரு, எந்த கொடுக்கல் வாங்கலுக்குள்ளயும் கொஞ்சம் நம்பிக்கை கலந்திருக்கு, அது இல்லாததும் பல ஊரு பின்தங்கினதுக்கு ஒரு காரணம்னு. ஏன்னு யோசிச்சா சிம்பிள். நம்பலன்னா வாட்ச்மேன் வைக்கணும், வக்கீல் வைக்கணும், அட்வான்ஸ் வாங்கணும், சிசிடிவி மாட்டணும், எல்லாமே காசு.

ஆனா ராஜாளி கேட்ட கேள்விக்கு இது பதில் இல்ல. "பெரும்பாலான மனுஷங்க"ன்னா யாரு? 2011ல டெல்ஹே, நியூட்டன், வெல்ஸெல்னு மூணு பேரு இத தோண்டினாங்க. சீனா மாதிரி நாட்டுல ஜனங்க "மனுஷங்க"ன்னு சொன்னதும் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன நெனச்சி "நம்பலாம்"ன்றாங்க, அந்த வட்டத்த கணக்குல எடுத்தா நம்பர் கீழ எறங்குது. வட்டத்துக்குள்ள எவ்ளோ ஆழம்ன்றது ஒண்ணு, வட்டம் எவ்ளோ பெருசுன்றது வேற ஒண்ணு. ராயபுரத்துல ஆழம் ஜாஸ்தி. பேங்க்குக்கு தேவை அகலம்.

தேவி கேட்ட கேள்வி ரொம்ப பெரிய கேள்வி. பயம் இருக்குற எடத்துல பணம் திரும்பி வரும், ஆனா புது ஆள உள்ள விட மாட்டாங்க. அத வச்சி பிரிச்சி பாக்கலாம்னு தோணுது.

கொருக்குப்பேட்டை_கேட்
வாத்யாரே ஆழம் அகலம்லாம் ஓகே, மீன்பாடி "வங்காளக் கடல்ல சுறா"ன்னு ஒரு பிட்டு போட்டாரு பாத்தியா, அத யாருமே கவனிக்கல.

நூர்_மண்ணடி
நானும் சொல்லணும், ஏன்னா நீங்க எல்லாம் பின்கோடு கதை சொல்றீங்க, எனக்கு பின்கோடு வரைக்கும் போகவே தேவையில்ல, பேரே போதும்.

மண்ணடில பொறந்து வளர்ந்தவ. கல்யாணத்துக்கு அப்புறம் பெரம்பூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடினோம். புரோக்கர் போன்ல ரேட்டெல்லாம் பேசி முடிச்சிட்டு கடைசில "பேரு என்ன மேடம்"னு கேப்பாரு. சொன்னதும் ரெண்டு செகண்ட் சத்தம் இருக்காது பாருங்க, அந்த ரெண்டு செகண்டுக்கு நான் டாக்டரேட்டே வாங்கலாம். அப்புறம் "ஓனர் பொண்ணு ஊர்லேந்து வருதாம், வீடு குடுக்குற ஐடியா இல்லயாம்". ஒரு வீடு மாசம் 14000, முன் ரூம்ல நல்ல காத்து, பிடிச்சிருந்துது, அதே பதில். நாலு மாசம் அந்த வழியா போறப்பெல்லாம் பாப்பேன், டூலெட் போர்டு வெயில்ல வெளுத்துப் போய் தொங்கிட்டு இருக்கு. நாலு பதினாலு அம்பத்தாறாயிரம் ரூபா நஷ்டம் அந்த ஓனருக்கு, என் பேர வீட்டுக்குள்ள விடாம இருக்க அவரு கட்டின ஃபீஸ் அது.

கடைசில ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில ரிட்டயர்டு ஆன ஒரு ஆன்ட்டி வீடு கெடச்சிது, சர்ச்சுக்கு ஞாயித்துக்கிழமை தவறாம போறவங்க. மத்தவங்கெல்லாம் பத்து மாச அட்வான்ஸ் கேட்டப்ப அவங்க மூணு மாசம் தான் கேட்டாங்க. "நோம்பு வந்தா கஞ்சி ஒரு தூக்கு எனக்கு வந்துரணும்" அது தான் கண்டிஷன். பத்து மாசம்னா 140000, நாங்க குடுத்தது 42000. மிச்சமான 98000ல என் வீட்டுக்காரர் பர்மா பஜார் கடைக்கு டிஸ்ப்ளேவும் பேட்டரியும் ஸ்டாக் போட்டாரு, அந்த ஸ்டாக்ல தான் கடையே நிமிந்துது.

அப்புறம் இந்த "சகிப்புத்தன்மை"ன்ற வார்த்தை எனக்கு பிடிக்கவே பிடிக்காது. சகிச்சிக்கிறதுக்கு நான் என்ன பல்வலியா?

ஆதம்பாக்கம்_ஆனந்த்
பல்வலி 😂 சாரி, சிரிக்கிற விஷயம் இல்ல, ஆனா சிரிச்சிட்டேன்.

மூணு மாசம்ன்றது இப்ப சட்டமே தானே? 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்த வாடகை சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுன்னு இருக்கு, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா தவிர.

நூர்_மண்ணடி
அந்த "தவிர" இருக்கு பாருங்க அதுக்குள்ள தான் மொத்த சென்னையும் குடியிருக்கு.

பாடம்_எடுப்பேன்
நூர், நீங்க போட்ட அம்பத்தாறாயிரம் கணக்கு தான் பொருளாதார நிபுணர் கேரி பெக்கர் 1957ல எழுதினது. பாகுபாடு பாக்குறவன் அதுக்கு தன் பாக்கெட்லேந்தும் காசு குடுக்குறான்னு சொன்னாரு. போட்டி நெறைய இருந்தா அப்படிப்பட்டவன் நஷ்டப்பட்டு ஒதுங்கிடுவான்னும் அந்த வாதம் போகும், எனக்கு அதுல நம்பிக்கை கம்மி. எல்லா ஓனரும் ஒரே மாதிரி இருந்தா யாரு யாரோட போட்டி போடுறது? வேலைலயும் இதே தான். 2007ல சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் தகுதி ஒரே மாதிரி இருக்குற விண்ணப்பங்கள பேர மட்டும் மாத்தி கம்பெனிங்களுக்கு அனுப்பினாங்க. தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் திரும்பி கூப்பிட்டது கம்மி. வேலைக்கு ஏத்த ஆள பேர பாத்து தள்ளினா கம்பெனிக்கும் நஷ்டம் தானே.

பட்டாளம்_தறிக்காரன்_பேரன்
நம்பிக்கை இல்லன்னா என்ன ஆகும்னு பாக்க நார்வே வரைக்கும் போவேணாம், புளியந்தோப்பு வந்தா போதும்.

எங்க கொள்ளுத்தாத்தா பி அண்ட் சி துணி மில்லுல தறி ஓட்டினவரு. 1918ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் இருந்த சங்கம், இந்தியாவுலயே முன்னோடி. ஆயிரக்கணக்கான பேரு, எல்லா சாதியும், ஒரே கேட் வழியா உள்ள போய் ஒரே சங்கு ஊதினா வெளில வந்தவங்க. 1921ல ஸ்டிரைக். ஆதி திராவிட தொழிலாளிங்க வேலைக்கு திரும்பினாங்க, ஆதி திராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவங்க பக்கம் நின்னாரு. ஏன் திரும்பினாங்கன்றத யோசிக்கணும். கையில சேமிப்பு இல்ல, வாரக்கூலி நின்னா பட்டினி, அது ஒண்ணு. சங்கத்துல தோழர்னு கூப்பிட்டவன் சாயந்திரம் தெருவுக்கு போனா தண்ணி குடிக்க விட மாட்டான், அவன நம்பி எத்தன மாசம் பட்டினி கெடக்குறது? அடுத்து என்ன, புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சிது, கலவரம், துப்பாக்கிச்சூடு, உயிர் போச்சி. ஸ்டிரைக்கும் தோத்துப் போச்சி. நிர்வாகம் ஒண்ணும் பெருசா மெனக்கெட வேண்டியதே இல்லாம போச்சி, வெட்டி வச்ச பள்ளம் ஏற்கெனவே இருந்துது.

எங்க தாத்தா இத சொல்லும்போது யார் பக்கமும் பேச மாட்டாரு. "கூலில ஒண்ணா இருந்தோம், தண்ணில ஒண்ணா இல்ல"ன்னு மட்டும் சொல்லுவாரு. மில்லு 1996ல மூடிட்டாங்க, அந்த பேச்சு இன்னும் வீட்ல ஓடுது.

தண்டையார்பேட்டை_தேவி
"கூலில ஒண்ணா இருந்தோம், தண்ணில ஒண்ணா இல்ல". எங்க குழுல ஒருத்தி கொண்டாந்த தண்ணி பாட்டில இன்னொருத்தி தொடாம இருந்தத நான் பாத்திருக்கேன் அண்ணே. 2019ல. அவங்க ரெண்டு பேரும் ஒரே கடனுக்கு ஜாமீன்.

பத்தாம்_நம்பர்_வியாசர்பாடி
நான் ஃபுட்பால் ஆடுறவன், நீளமா எழுத வராது. எங்க கிரவுண்ட்ல ரெண்டு தெரு பசங்க. சின்ன வயசுல தெருவுக்கு தெரு மேட்ச் போடுவோம், ஒவ்வொரு மேட்சும் அடிதடில தான் முடியும். ஒரு கோச் வந்து ரெண்டு தெருவையும் கலந்து டீம் பிரிச்சாரு. மொத மாசம் ஒருத்தனுக்கு ஒருத்தன் பாஸே குடுக்க மாட்டான், எதிர் தெரு பையன் ஃப்ரீயா கோல் முன்னாடி நிப்பான், இவன் நாலு பேர டிரிபிள் பண்ணி பந்த தொலைப்பான். கோச் ஒண்ணும் திட்டல, பாஸ் குடுக்காதவன வெளிய உக்கார வச்சாரு அவ்ளோதான். ஆறு மாசத்துல அந்த எதிர் தெரு பையன் தான் என் தங்கச்சி கல்யாணத்துல பந்தி பரிமாறினான்.

பாடம்_எடுப்பேன்
பத்தாம் நம்பர், உங்க கோச் செஞ்சத ஆராய்ச்சியாவே செஞ்சிருக்காங்க! ஈராக்ல ஐஎஸ் தீவிரவாதிங்க பண்ண கலவரத்துல வீட்ட இழந்த கிறிஸ்தவங்களுக்கு ஃபுட்பால் லீக் நடத்தி சில டீம்ல மட்டும் முஸ்லிம் வீரர்கள சேத்தாங்க, சல்மா மூசா 2020ல வெளியிட்ட ஆய்வு. கலந்த டீம்ல ஆடினவங்க அடுத்த சீசன்லயும் கலந்து ஆட பேர் குடுத்தாங்க, ஆறு மாசம் கழிச்சும் முஸ்லிம்களோட பிராக்டிஸ் பண்ணாங்க. ஆனா கிரவுண்டுக்கு வெளில, மொசூல் போய் ஓட்டல்ல சாப்பிடுறது மாதிரி விஷயத்துல பெரிய மாத்தம் தெரியல. நம்ம நாட்டுலயே மேட் லோன்னு ஒருத்தர் உத்தரப் பிரதேசத்துல சாதி கலந்து கிரிக்கெட் டீம் போட்டு பாத்தாரு, 2021ல வந்துது. ஒரே டீம்ல ஆடினா சாதி தாண்டின சிநேகம் கூடிச்சி, எதிர் டீம்ல ஆடினவங்களோட குறைஞ்சிது.

பத்தாம்_நம்பர்_வியாசர்பாடி
அப்ப பந்தி பரிமாறினது ஆராய்ச்சிய விட ஒரு படி மேல 😎

ரிட்டயர்டு_மேனேஜர்
பேங்க்காரன் பேங்க்காரன்னு எல்லாரும் சொல்றீங்க, 34 வருஷம் அந்த சீட்ல உக்காந்தவன் நான், எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

முதல்ல ராஜாளி தம்பிக்கு, ரிஜிஸ்டர் பண்ணாத சீட்டு 1982 சட்டப்படி குற்றம், அம்மா கிட்ட பதமா சொல்லுங்க. நம்ம மாநிலத்துல 1961லயே தனி சட்டம் இருந்தது.

நெகட்டிவ் ஏரியா விஷயம். வேலை பாத்த இடத்தோட பேர் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு லிஸ்ட் எழுத்துல எந்த சர்க்குலர்லயும் வந்து நான் பாத்ததில்ல, ஆனா டேபிள் கண்ணாடிக்கு அடியில ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், கையால எழுதினது. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது, நானும் எடுக்கல. ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஒரு தெருவுல நாலு கடன் வாராக்கடன் ஆயிருக்கும், அந்தத் தெரு துண்டுச் சீட்டுல ஏறிடும், ஏறினா இறங்காது. அந்தத் தெருவுல நல்லா கட்டின முப்பது பேர யாரும் எண்ண மாட்டோம். ஒரு மேனேஜர் நல்ல கடன மறுத்தா யாரும் மெமோ குடுக்க மாட்டாங்க, கெட்ட கடன குடுத்தா ரிட்டயர்மென்ட் வரைக்கும் துரத்தும். அந்த பயத்துக்கு நாங்க வச்ச பேரு தான் ஏரியா.

ஆனா இன்னொண்ணும் நடந்தது. 1989ல தருமபுரில மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சாங்க, 1992ல நபார்டு வங்கி 500 குழுக்கள வச்சி பேங்க் இணைப்பு சோதனை பண்ணாங்க. எங்க கிளைக்கு அது வந்தப்ப நான் சிரிச்சேன். நகை இல்ல, பத்திரம் இல்ல, ஒரு மினிட்ஸ் புக்க வச்சி கடன் குடுன்னா? குடுத்தோம். என் கிளைல பெரிய கம்பெனிக்கு குடுத்தது தான் இழுத்தடிச்சது, இவங்க மாசம் பொறந்தா வரிசைல நிப்பாங்க. தேவிம்மா சொன்ன மூக்குத்திய பத்தி எனக்கு அன்னிக்கு தெரியாது. தெரிஞ்சிக்க நான் முயற்சி பண்ணவும் இல்ல.

ராயபுரம்_ராஜாளி
சார் அந்த துண்டுச் சீட்டு விஷயத்த வெளிப்படையா சொன்னதுக்கு கும்புடுறேன். கோவமும் வருது, ரெண்டும் சேத்து வச்சிக்கோங்க.

ஆதம்பாக்கம்_ஆனந்த்
எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் நம்பிக்கை கம்மி கம்மின்றோம், நெஜமாவே ஆளுங்க அவ்ளோ மோசமா? போன வருஷம் எங்க அப்பா பென்ஷன் பணத்தோட பர்ஸ வடசென்னை பக்கம் ஷேர் ஆட்டோல விட்டுட்டாரு, போச்சுன்னு தலை முழுகிட்டோம். மறுநாள் காலைல அந்த டிரைவர் பர்ஸ்ல இருந்த டாக்டர் சீட்டுல நம்பர பாத்து போன் பண்ணாரு. நான் போய் வாங்கறப்ப, சொல்ல வெக்கமா இருக்கு, அவரு முன்னாடியே நோட்ட எண்ணினேன். அவரு ஒண்ணும் சொல்லல, "கரெக்டா இருக்கா சார்"னு மட்டும் கேட்டாரு.

பாடம்_எடுப்பேன்
ஆனந்த், இது தான் விஷயமே. 2019ல ஒரு ஆய்வு, 40 நாடு, 355 ஊரு, 17000க்கு மேல பர்ஸ ரிசப்ஷன்ல "கீழ கெடந்துது"ன்னு குடுத்துட்டு போனாங்க, இந்தியாவும் உண்டு. பணம் இருக்குற பர்ஸ தான் அமுக்குவாங்கன்னு எல்லாரும் நெனச்சாங்க, பொருளாதார நிபுணர்களாலயும் சரியா கணிக்க முடியல. தலைகீழா போச்சி. 38 நாட்டுல பணம் இருந்த பர்ஸுக்கு தான் "உங்க பர்ஸ் இங்க இருக்கு"ன்னு மெயில் அதிகமா வந்துது. 2025 உலக மகிழ்ச்சி அறிக்கைலயும் இதே கதை, ஜனங்க எதிர்பாக்குறத விட ரெண்டு மடங்கு பர்ஸ் திரும்பி வருது. தொலைஞ்ச பர்ஸ் திரும்பி வரும்னு நம்புறவங்க சந்தோஷமாவும் இருக்காங்களாம். பின்லாந்து 2018லேந்து வரிசையா முதலிடம், நாம 2025ல 118.

மீன்பாடி
நம்ம 118க்கு காரணம் பர்ஸ் இல்ல சார், பர்ஸுல போட ஒண்ணும் இல்லாதது.

நூர்_மண்ணடி
ஆனந்த் ப்ரோ, நோட்ட எண்ணினத சொன்னீங்களே, அதுக்கு ஒரு சல்யூட். என் பேர கேட்டதும் வர்ற ரெண்டு செகண்டும் நீங்க எண்ணின நேரமும் கிட்டத்தட்ட ஒரே நேரம் தான்.

ஆதம்பாக்கம்_ஆனந்த்
வாங்கிக்கிறேன்.

ராயபுரம்_ராஜாளி
நேத்து ராத்திரி அம்மா நோட்டு போட்டுக்கினு இருந்துது. பாடம் சார் சொன்ன அந்த கேள்விய அப்படியே கேட்டேன். "யம்மா, பொதுவா மனுஷங்கள நம்பலாமா, ஜாக்கிரதையா இருக்கணுமா?"

கண்ணாடிய மூக்குல எறக்கி விட்டு என்னைய பாத்துது. "எந்த மனுஷங்கள?"

சார், அந்த மூணு பேரு 2011ல கண்டுபுடிச்சத எங்க அம்மா ரெண்டு வார்த்தைல முடிச்சிடிச்சி.

பாடம்_எடுப்பேன்
நாளைக்கு கிளாஸ்ல இத சொல்ல அனுமதி வேணும்.

ராயபுரம்_ராஜாளி
சொல்லுங்க சார், பேரு மட்டும் வேணாம், மேனேஜர் சார் வேற 1982 சட்டம்லாம் சொல்லிக்கினு இருக்காரு.

ஸ்கூட்டருக்கு என்ன பண்ணேன்னு ரெண்டு பேரு தனியா கேட்டீங்க. வர்ற பத்தாம் தேதி சீட்ட நான் தள்ளி எடுக்கலாம்னு இருக்கேன். அம்மா புள்ளைக்குன்னு சலுகை கிடையாது, இட்லிக்கார சரோஜாக்காவும் அந்த மாசம் கேக்க போறாங்களாம், போட்டி இருக்கு.

ஆதம்பாக்கம்_ஆனந்த்
ப்ரோ, சீரியஸா கேக்குறேன், அடுத்த சீட்டுல ஒரு பேரு காலி இருக்கா? மாசம் அஞ்சாயிரம் நான் கட்டுறேன். முதல்ல சீட்ட கலாய்ச்சவன் நான் தான், தெரியும். சேலரி ஸ்லிப், ஆதார், பேன் எல்லாம் அனுப்புறேன்.

ராயபுரம்_ராஜாளி
இப்ப தான் அம்மா கிட்ட காட்டினேன். ஆதார் பேன்லாம் வேணாமாம்.

"ஆதம்பாக்கம்ல நமக்கு யார தெரியும்?"னு கேக்குது.

கொருக்குப்பேட்டை_கேட்
கேட் தொறந்துட்டாங்க. எனக்கு. ஆனந்த்துக்கு இன்னும் இல்ல.

மீன்பாடி
ஆனந்த் தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல காசிமேடு வா, மீன் வாங்க வர்ற மாதிரி. எங்க அம்மா கூடைல வாங்கு. அப்படியே கல்மண்டபம் கூட்டிக்கினு போறேன், ராஜாளி அம்மாவுக்கு எங்க அம்மாவ தெரியும்.